பன்னிரண்டு நாளில் ஐந்து நாள்

மயிலாத்தாள் அஞ்சா நெஞ்சம் கொண்டவள் அல்ல. கொழிஞ்சாம்பாறையில் பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அப்படி அச்சடித்திருந்தார்கள். பதினாறாம் நாள் காரியத்தில் மைக் பிடித்துப் பேசியவர்களும் அதையே சொன்னார்கள். அவர்களில் ஒருவர், பயம் என்றால் என்னவென்றே தெரியாத பெண்மணி என்று கைதட்டல் வாங்கினார். துக்க வீட்டில் எழுந்து நின்று திருத்துவது முறையல்ல என்று பேசாமல் உட்கார்ந்திருந்தேன். இங்கே திருத்துகிறேன். எனக்குத் தெரிந்த மனிதர்களில் அவளைப் போலப் பயந்தவர் வேறு யாரும் இல்லை. அவளை நினைக்க விரும்புகிறவர்கள் சரியாக நினைக்க வேண்டும்.

செய்தி வந்தபோது நான் பாலக்காட்டில் என் மகள் வீட்டில் இருந்தேன். மயிலாத்தாளின் மூத்த பெண் சரசு போன் செய்தாள். "அம்மாவை எழுப்புனேனுங்க பெரியம்மா, எந்திரிக்கலைங்க" என்றாள். தூக்கத்திலேயே போயிருக்கிறாள். பயப்படுவதற்கு அவகாசம் கிடைக்காமல் போனாளே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றிய எண்ணம். அது எனக்கு ஓர் ஆறுதலாகவும் இருந்தது.

அவள் என் கணவரின் கடைசித் தம்பி மனைவி. நான் கான்வென்டில் படித்து, மூத்த மருமகளாக அந்த வீட்டுக்குப் போனவள். அவள் நாலாம் வகுப்போடு நின்றவள். "இங்கிலீசு மருமக", "எருமை மருமக" என்று மாமியார் எங்களுக்குப் பெயர் வைத்திருந்தார். இரண்டும் திட்டுதான். எருமைகள் அவள் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பதால் இரண்டாவது பெயரை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். 

எங்கள் கிணற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். கிழக்குப் பாலக்காட்டில் மழை கணக்காகத்தான் பெய்யும். பெண் கொடுக்க வருகிறவர்கள் நிலம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் கிணற்றில் எத்தனை நாள் என்று கேட்பார்கள். எங்கள் கிணற்றில் பாதி என் மாமனாருக்கும் பாதி அவருடைய தம்பிக்கும் சொந்தம். அந்தத் தம்பியை நாங்கள் சின்ன மாமனார் என்போம். ஒரு நாள் அவர் பக்கம் இறைத்தால் மறுநாள் எங்கள் பக்கம். மாமனார் காலமானதும் எங்கள் பாதி மூன்று மகன்களுக்கு வந்தது. என் கணவருக்கு ஆறு நாளைக்கு ஒரு நாள். நடுவில் உள்ள கொழுந்தனார் வேலுச்சாமிக்கு ஒரு நாள். மயிலாத்தாளின் கணவருக்கு ஒரு நாள். சின்ன மாமனாருக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணனின் கடைசிப் பையனைத் தோளில் போட்டு வளர்த்தவர் அவர். அவன் கல்யாணத்தன்று தன் பாதியில் பாதியை அவனுக்கு விட்டுக்கொடுத்தார். அது நாலு நாளைக்கு ஒரு நாள். ஆக மயிலாத்தாள் வீட்டுக்குக் கிணற்றில் இரண்டு முறைகள் இருந்தன: ஆறு நாளைக்கு ஒன்று, நாலு நாளைக்கு ஒன்று. அவளுடைய வாழ்வு முழுவதும் அந்த இரண்டில்தான் நின்றது.

எழுபதுகளின் நடுவில் மழை பொய்த்தபோது கிணற்றை ஆழப்படுத்தினோம். வேட்டு வைத்துப் பாறையை உடைப்பார்கள். புகை அடங்கியதும் அவள் கணவர் கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கினார். பக்கவாட்டில் ஒட்டி நின்றிருந்த கல் ஒன்று சரிந்தது. மண் அள்ளும் கூடையில்தான் அவரை மேலே ஏற்றினார்கள். கைப்பிடிச் சுவரில் வயிறு பதியக் குனிந்து அவள் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றதை நான் கண்டேன். அதன் பிறகு அவள் அந்தக் கிணற்றுப் பக்கம் போகவில்லை. தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் தூரத்து வரப்பைச் சுற்றிப் போவாள். கிணற்றுப் பக்கத்துக் கன்னத்தை முந்தானையால் மறைத்துக்கொள்வாள். அவள் முறை நாள்களில் வேலுச்சாமிதான் ஆள் வைத்து இறைத்துப் பாய்ச்சினார். வாய்க்காலில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டால் அவள் வேறு திசையைப் பார்த்து நிற்பாள்.

கிணறு மட்டுமல்ல. வேலுச்சாமி இருமினால் பயம், நாய் ஊளையிட்டால் பயம், தபால்காரர் சைக்கிளை நிறுத்தினால் பயம். இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு, ஆண் வாரிசு இல்லாமல், பங்காளிகள் நடுவில் இருந்தவள். கணவனின் அண்ணன்மார் முன்னால் தம்பி மனைவி வாய் திறக்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். ஏதாவது வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வாள். நான் வெளியே வந்து சொல்வேன். வேலுச்சாமி அவளுக்கான பதிலை என்னைப் பார்த்துச் சொல்வார்.

அடுத்த கோடைக்குள் ஊருக்குக் கரண்ட் வந்தது. மாடு கட்டி இறைப்பதை விட்டுவிட்டு எல்லோரும் சேர்ந்து மோட்டார் வாங்கினோம். முறையைப் புதிதாகப் பேச வேண்டி வந்தது. ஒரு மாலையில் ஆண்கள் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்கள். பெண்கள் நாங்கள் நடைக்கு உள்ளே நின்றோம். சின்ன மாமனார்தான் பேசினார். தினமும் மடை மாற்றினால் காய்ந்த வாய்க்காலே பாதித் தண்ணீரைக் குடித்துவிடுகிறது, அவரவர் நாள்களைச் சேர்த்து ஒரே தொடர்ச்சியாகக் கொடுத்துவிடலாம் என்றார். அது நல்ல யோசனை. பிறகு அவர் மயிலாத்தாளின் பங்கைக் கூட்டினார்.

"சின்னவனுக்கு ஆறு நாளைக்கு ஒண்ணு, நாலு நாளைக்கு ஒண்ணு. ரெண்டையும் சேத்தா பத்து நாளைக்கு ரெண்டு. மீதி எட்டு நாளை நாம மூணு பேரும் பாத்துக்கலாம்."

யாரும் மறுக்கவில்லை. அவர் ஏமாற்றினார் என்று நினைக்காதீர்கள். தான் வளர்த்த பிள்ளையின் பெண்டாட்டியை ஏமாற்றுகிறவர் அல்ல அவர். முறையை நாள் கணக்கில் சொல்லிப் பழகிய எந்த ஊரிலும் அந்தக் கூட்டல் காதுக்குச் சரியாகவே கேட்கும். மற்ற மூவருக்கும் அதனால் கொஞ்சம் கூடியது. கூடியதால் யாரும் திரும்ப எண்ணிப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் நின்ற மயிலாத்தாளும் தலையை ஆட்டினாள். "மாமா சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்று மெதுவாகச் சொன்னாள்.

எனக்கு மட்டும் விரல்கள் மடங்கின. கான்வென்டில் ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்கு சொல்லித்தந்த சிஸ்டர் கையில் மர ஸ்கேல் வைத்திருப்பார். கோட்டுக்குக் கீழே உள்ள எண்களைக் கூட்டினால் கணுக்களின் மேல் அடி விழும். அழக் கூடாது, அழுதால் இன்னொன்று. அந்தக் கணக்கை நான் அப்படித்தான் கற்றேன். வாசலில் சின்ன மாமனார் "பத்து நாளைக்கு ரெண்டு" என்றதும் என் கை தானாகவே சேலைக்குள் போய்விட்டது. தவறு என்று மனம் சொல்வதற்கு முன்னால் கை சொல்லிற்று.

அன்று சாப்பிடும்போது என் கணவரிடம் சொன்னேன். பெரியவர் கணக்கில் நாம் எப்படி வாய் வைப்பது என்றார். அவர் அடுத்தவர் தண்ணீருக்கு ஆசைப்படுகிறவர் அல்ல; தம்பிக்கும் சித்தப்பாவுக்கும் எதிராகப் பேசக் கூடியவரும் அல்ல. இரண்டும் உண்மை.

மறுநாள் மாட்டுக் கொட்டகையில் மயிலாத்தாளிடம் சொன்னேன். அவள் தவிட்டைக் கலக்கிக்கொண்டிருந்த கையை எடுக்கவே இல்லை. 

"சொல்லாதீங்க அக்கா. தெரிஞ்சுக்கிட்டா பேசோணும். தெரியாம இருந்தா அழுதுட்டு இருந்துக்கலாமுங்க."

நான் விட்டுவிட்டேன். வற்புறுத்தி ஒருவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது என்பது என் விரல்களுக்குத் தெரியும். ஆனால் அவளே வந்தாள். அவள் கணவர் வைத்துவிட்டுப் போன தென்னங்கன்றுகள் அந்தக் கோடையில் அவளுக்கு மூன்றாவது பிள்ளையாக இருந்தன. புதிய முறைப்படி வரும் தண்ணீரை மனதுக்குள் பாத்தி பாத்தியாகப் பாய்ச்சிப் பார்த்திருக்கிறாள். தென்னைக்கே போதவில்லை. கத்தரிக்கும் மாட்டுச் சோளத்துக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. எருமைகளை விற்க வேண்டும், பிறகு நிலத்தை விற்க வேண்டும், பிறகு இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டில் அண்ணி கையைப் பார்த்து நிற்க வேண்டும். இதை அவள் அழாமல் சொன்னாள். அழாததுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

மாடு கட்டும் கட்டுத்தரைக் கல்லில் சாக்பீஸால் எழுதினேன். ஆறில் ஒன்று, நாலில் ஒன்று. அவள் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். "ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுங்க. ஆறும் நாலும் பத்துங்க. மாமா சொன்னதுதானே வருது?" என்றாள். கீழே உள்ளதைக் கூட்டக் கூடாது என்றேன். "ஏனுங்க ஆகாது?" என்று கேட்டாள். ஆகாது என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. எங்கள் வகுப்பில் ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பொது மடங்கு என்று நான் ஏதோ எழுதத் தொடங்கியபோது வெளியில் வேலுச்சாமி இருமினார். அவள் சட்டென்று எழுந்து காலாலேயே அத்தனையையும் தேய்த்து அழித்துவிட்டு, எருமைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். முதல் பாடம் அவ்வளவுதான்.

அதன் பிறகு சாக்பீஸை எடுக்கவில்லை. நிலக்கடலை உரிக்கும் சாக்கில் உட்காருவோம். யாராவது வந்தால் கடலை உரித்துக்கொண்டிருப்போம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவள் இப்படிக் கேட்டாள்: ஆறு நாள் என்பது ஒரு வாரம் மாதிரி, நாலு நாள் என்பது இன்னொரு வாரம் மாதிரி. ஒன்றாகத் தொடங்கினால் இந்த இரண்டு வாரங்களும் எந்த நாளில் ஒன்றாக முடியும்? பன்னிரண்டாம் நாள் என்றேன். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்து அவள் கிளிப்பிள்ளை போல ஒப்பித்தாள் என்று பேசுகிறவர்களும் உண்டு என்பதால் இதையும் துல்லியமாகச் சொல்கிறேன். பன்னிரண்டு என்னுடையது. அதற்குள் நாள்களை வைத்துப் பார்த்தது அவள். கட்டை விரலால் மற்ற நாலு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணினாள். ஒரு கையில் பன்னிரண்டு கணுக்கள். அதற்குள் ஆறு நாள் முறை இரண்டு தடவை வந்தது. நாலு நாள் முறை மூன்று தடவை வந்தது.

"அஞ்சுங்களா?" என்றாள். குரல் கீழே போயிருந்தது. "பன்னெண்டுல அஞ்சுன்னா பாதிக்குக் கிட்டங்க. அவ்வளவு எனக்குன்னா விடுவாங்களாக்கா?"

சரியான விடை கிடைத்தவுடன் அவள் முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை. எதையோ திருடிவிட்டவள் போலச் சுற்றிலும் பார்த்தாள். பத்துக்கு இரண்டு என்று இருந்தபோது அவளுக்கு வறுமை பற்றிய பயம் மட்டும் இருந்தது. இப்போது மனிதர்கள் பற்றிய பயமும் சேர்ந்துகொண்டது.

கூட்டியதைக் கழித்துப் பார்க்காமல் விடக் கூடாது என்பது என் பழக்கம். கூட்டிய மொத்தத்திலிருந்து ஒரு பங்கை எடுத்தால் மற்றப் பங்கு மிஞ்ச வேண்டும். ஐந்திலிருந்து மூன்றை எடுக்கச் சொன்னேன். இரண்டு மிஞ்சியது, பன்னிரண்டுக்கு இரண்டு, அதாவது ஆறுக்கு ஒன்று. சரியாக இருந்தது. அவளுக்குக் கழித்தல் பிடிக்கவில்லை. கழிப்பது என்றால் போவதுதானே, போனதெல்லாம் போதாதா என்றாள். ஆனாலும் மறுநாள் அவளாகவே சின்ன மாமனாரின் விடையைக் கழித்துப் பார்த்திருக்கிறாள். பத்தும் நாலும் இருபதில் சேரும் என்று அவளே கண்டுபிடித்திருந்தாள். பத்துக்கு இரண்டு என்றால் இருபதுக்கு நாலு. நாலுக்கு ஒன்று என்றால் இருபதுக்கு ஐந்து. நாலிலிருந்து ஐந்தைக் கழிக்க முடியாமல் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். என்னிடம் வந்து கடலையைக் கையில் எடுக்காமலேயே உட்கார்ந்தாள்.

"மாமா குடுத்த ஒரு முறையே இந்த ரெண்டையும் சேத்ததவிடப் பெருசுங்க அக்கா."

அன்றைக்குத்தான் அவளுக்கு உண்மையிலேயே புரிந்தது. எனக்கும் அன்றைக்குத்தான் அந்தக் கணக்குப் பயமில்லாமல் தெரிந்தது.

மோட்டார் ஓட்டும் நாள் வந்தது. பூசை கிணற்றடியில். முதல் தண்ணீர் விடுவதற்கு முன்னால் சின்ன மாமனார் எல்லோர் முன்னிலையிலும் முறையை ஒருதரம் சொல்லுவார். சொன்னபின் அது மாறாது. அவளுக்காக நான் பேசுகிறேன் என்று சொல்லியிருந்தேன். வேண்டாம், நீங்கள் பேசினால் இங்கிலீசு படித்த திமிர் என்று தள்ளிவிடுவார்கள், பங்கு என்னுடையது என்றாள். காலையில் குடித்த கஞ்சி அவள் வயிற்றில் நிற்கவில்லை. வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவி, சின்னப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு, கணவர் இறந்த பிறகு முதல் தடவையாக அந்தக் கிணற்றை நோக்கி நடந்தாள். நானும் கூட நடந்தேன். வேப்பமரம் வரை வந்ததும் அவள் கால் நின்றுவிட்டது. பிள்ளையை என்னிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு இரண்டு கைகளாலும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உடம்பின் நடுக்கம் என் வளையல்களில் கேட்டது.

சின்ன மாமனார் பத்து நாளைக்கு என்று தொடங்கினார். அவள், "மாமா" என்றாள்.

ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேலுச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பி மனைவியின் குரலை அவர் முதல் தடவையாக நேரில் கேட்கிறார்.

"எனக்கு ஆறுக்கு ஒண்ணு வேண்டாமுங்க மாமா. நீங்க குடுத்த நாலுக்கு ஒண்ணு மட்டும் போதுமுங்க."

இதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. நாங்கள் பேசி வைத்தது வேறு. அத்தனை பேர் முன்னால், பூசை போட்ட இடத்தில், கணவனுடைய பிதுரார்ஜிதப் பங்கை வாயால் விட்டுக்கொடுத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் வாயால் விட்டது விட்டதுதான்.

வேலுச்சாமி உடனே பிடித்துக்கொண்டார். "எல்லாரும் கேட்டுக்கங்க. நாங்க யாரும் கேக்கலை, அதுவா சொல்லிருச்சு. அப்படியே இருக்கட்டும்."

சின்ன மாமனார்தான் கலங்கினார். "ஏஞ்சாமி, புருசன் பங்க வேண்டாங்கறே?"

"அது இருந்தா எனக்குத் தண்ணி கொறையுதுங்க மாமா."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பங்கு கூடினால் தண்ணீர் குறையுமாம், நல்ல கணக்கு, அக்காவிடம் டியூசன் படித்த கணக்கு போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னார். நானும் அவர்களைப் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. சிரிப்பு அடங்கும் வரை அவள் நின்றாள். அவள் நகங்கள் என் கையில் பதிந்திருந்தன.

"இருபது நாளைக்கு எண்ணிப் பாருங்க மாமா. நாலுக்கு ஒண்ணுன்னா அஞ்சு நாள் வருதுங்க. ரெண்டையும் சேத்து நீங்க சொன்னபடி பாத்தா நாலு நாள்தானுங்க வருது."

சின்ன மாமனார் கட்டை விரலைக் கணுக்களில் ஓட்டினார். உதடு அசைந்தது. ஒருமுறை எண்ணி முடித்து, முதலிலிருந்து மறுபடியும் எண்ணினார். விடை எனக்குத் தெரியும். இருந்தும் அவர் எண்ணுவதில் தவறிவிடுவாரோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலுச்சாமி, கணக்கெல்லாம் பிறகு, கொடுத்தது கொடுத்ததுதான் என்றார். பெரியவர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். அப்படியானால் சரியான கணக்கு என்ன என்று அவளையே கேட்டார். இரண்டாம் முறை கேட்டபோது, "பன்னெண்டுக்கு அஞ்சுங்க" என்று வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே அது பாதிதான் கேட்டது.

பெரியவர் அதை அப்படியே ஒப்புக்கொண்டுவிடவில்லை. அவர் செய்தது நியாயமான காரியம். நேற்று யார் நாள், முந்தாநாள் யார் நாள் என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனார். ஊரில் கல்யாணத் தேதி மறந்தவர்கள் உண்டு. தண்ணீர் நாளை மறந்தவர்கள் கிடையாது. அவரவர் நாள் வந்தபோது அவரவர் "என்ற நாள்" என்று உரிமை சொன்னார்கள். மயிலாத்தாளின் நாள்களில் ஆள் வைத்து இறைத்தது வேலுச்சாமி என்பதால் அதை அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. "சின்னவன் நாள்" என்று அவர் பன்னிரண்டு நாளுக்குள் ஐந்து தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் குரல் கரகரத்தது. ஆனால் ஒரு நாளைக்கூட மாற்றிச் சொல்லவில்லை. அவரைப் பற்றி என்ன பேசினாலும் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

"நான் குடுத்ததை நானே கூட்டித் தொலைச்சிருக்கறேன்" என்றார் சின்ன மாமனார். "பன்னெண்டுக்கு அஞ்சு. ஆறுக்கு ஒண்ணை வேண்டாம்னு சொன்னது என்ற காதுல விழுகலை. யாரு காதுலயும் விழுகலை."

மோட்டார் ஓடி, குழாயில் தண்ணீர் குபுகுபுவென்று விழுந்தபோது அவள் காதைப் பொத்திக்கொண்டு தூரத்து வரப்பில் போய்க்கொண்டிருந்தாள். ஜெயித்துவிட்டுப் போகிறவள் போல இல்லை. துரத்தப்பட்டவள் போலத்தான் இருந்தாள்.

பின்னொரு நாள், நீ வாயால் விட்ட பங்கை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். மாமா எண்ணிப் பார்ப்பார் என்று ஒரு நம்பிக்கை இருந்தது, அது தவறியிருந்தாலும் பத்துக்கு இரண்டைவிட நாலுக்கு ஒன்று பெரிதுதானே என்றாள். தோற்றாலும் எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்திருக்கிறாள். இதைத் தைரியம் என்று சொன்னால் அவளே ஒப்புக்கொள்ள மாட்டாள்.

பயம் அதோடு தீரவில்லை. அடுத்த கோடையில் அவள் முறையில் இரண்டு தடவை யாரோ மடையை உடைத்துவிட்டார்கள். யார் என்று தெரியவில்லை. தெரியாததை நான் எழுத மாட்டேன். அதிலிருந்து அவள் தன் நாள்களில் விடியலிலிருந்தே இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். காற்றில் சோளத்தட்டு அசைந்தாலும் எழுந்து நிற்பாள். எழுந்து நின்று, பார்த்துவிட்டு, மறுபடி உட்காருவாள். அந்தத் தென்னைகள் காய்த்தன. சரசு டீச்சரானதும், சின்னவள் மணியைக் கட்டிக்கொடுத்ததும் அந்த ஐந்து நாள் தண்ணீரில்தான்.

மணிக்கு மலை மேல் இருக்கும் காந்தலூரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குப் பூண்டுத் தோட்டத்தில் பாதி உண்டு என்று தரகர் சொன்னார். "எதுல பாதிங்க?" என்று மயிலாத்தாள் கேட்டாள். தோட்டத்தில்தான் என்றார். தோட்டம் யாருடையது என்று கேட்டாள். கேட்கக் கேட்க, தோட்டம் குத்தகை என்பதும், குத்தகையே இன்னொருவரோடு பாதி என்பதும், அந்தப் பாதியில் அண்ணனுக்குப் பாதி என்பதும் வெளியே வந்தது. "அப்ப நாலுல ஒண்ணுங்க, அதுவும் அடுத்தவங்க மண்ணுல" என்றாள். தரகர் காப்பியை வைத்துவிட்டு எழுந்தார். உட்காரச் சொன்னாள். பையன் நல்லவன் என்று அவளுக்குப் பட்டிருந்தது, கொடுக்கவும் செய்தாள். ஆனால் மலைப் பாதையில் பஸ் ஏறினால் கண்ணைத் திறக்க மாட்டாள். பேரன் பிறந்தபோது காந்தலூர் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் பாதி, கால் என்று யார் சொன்னாலும் "எதுல?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. மாமியாரே கடைசிக் காலத்தில் அரை இட்லி போதும் என்றால், "எந்த இட்லியில அரைங்க அத்தை?" என்று மயிலாத்தாள் கேட்பாள். அந்த ஒரு கேலிக்கு மட்டும் அவள் பயந்ததில்லை.

இப்போது நான் பயப்படுகிறேன். பதினாறாம் நாள் சாப்பாட்டுப் பந்தலில் எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. மயிலாத்தாளின் பங்கை இரண்டு பெண்களுக்கும் பிரிக்க வேண்டுமாம். பெரியவர் அந்தக் காலத்திலேயே பத்துக்கு இரண்டு என்றுதான் சொன்னாராம். ஆளுக்குப் பத்துக்கு ஒன்று கொடுத்தால் சுலபமாக முடிந்துவிடுமாம். பெரியவர் முதலில் சொன்னது ஊரில் தங்கியிருக்கிறது. எண்ணிப் பார்த்துத் திருத்தியது தங்கவில்லை. ஐந்தை இரண்டாகப் பிரிப்பது சிரமம் என்பதற்காக அதை யாரும் குறைத்துக்கொள்ள முடியாது. பன்னிரண்டு நாளில் ஐந்து என்றால் இருபத்துநாலு நாளில் பத்து. சரசுக்கு ஐந்து, மணிக்கு ஐந்து. கழித்துப் பாருங்கள். கிணற்றடியில் அன்று நின்ற பெரியவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். பெண்கள் இருவரும் அப்போது சிறு பிள்ளைகள். எனக்குப் பிறகு அந்தக் கணக்கைக் கண்ணால் பார்த்தவர் என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். சில நாள்களாகச் சாப்பாடு இறங்காமல் இருப்பது அதனால்தான்.

மயிலாத்தாளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். நடுக்கம் நிற்கட்டும், பிறகு பேசலாம் என்று அவள் காத்திருக்கவில்லை. நடுங்கிக்கொண்டே சொன்னாள். நானும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

இதைப் படிக்கும் என் மகன்களும் வேலுச்சாமியின் மகன்களும் எனக்குப் பதில் எழுத வேண்டும். நம் கிணற்றில் பன்னிரண்டு நாளில் ஐந்து நாள் மயிலாத்தாளின் பெண்களுக்கு உரியது என்பதை ஏற்கிறீர்களா, இல்லையா? போனில் வேண்டாம். தபாலில், கையெழுத்துப் போட்டு, பாலக்காட்டு முகவரிக்கு அனுப்புங்கள்.